வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டுக்கும் ஒரே செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைக்க இயலுமா?

கேள்வி: மார்த்தாண்டம் தேன்கடைக்காரர்
வணக்கம். ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்போரிடம் வாங்கி விற்கும் சிறு கடை எங்களுடையது. உள்ளூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் தமிழிலும், திருவனந்தபுரம் பக்கத்தவர்கள் டெலிகிராமில் மலையாளத்திலும், தேன் உறைந்திருக்கிறதே, சர்க்கரை கலந்ததா என்றே கேட்கிறார்கள். ரப்பர்த் தேன் எளிதில் உறையும் இயல்புடையது என்று ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து மாளவில்லை. திறமூல மென்பொருளான சாட்வூட்டைக் கடைக் கணினியிலேயே நிறுவி, இரண்டு வழிகளுக்கும் ஒரே உதவியாளரை அமர்த்தலாமா?

மறுமொழி: நாகர்கோவில்
அமர்த்தலாம், அண்ணாச்சி. சாட்வூட் எல்லா வழிகளின் செய்திகளையும் ஒரே பெட்டியில் சேர்க்கும்; பதிலை எழுதும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியை நீங்கள்தான் 'பாட்' ஆக, அதாவது தானாகப் பதில் சொல்லும் நிரலாக, இணைக்க வேண்டும். பாட்டின் பொறுப்பில் உள்ள உரையாடல் 'நிலுவை' நிலையில் இருக்கும். அதைத் 'திறந்த' நிலைக்கு மாற்றினால் கடையிலுள்ள ஆள் தொடரலாம். இந்தக் கைமாற்றத்துக்காகவே நான் அதை விரும்புகிறேன். ஆனால் செய்திகள் வெப்ஹுக் வழியாக, அதாவது செய்தி வந்ததும் அவர்களே நம் இணைய முகவரிக்கு அனுப்பும் முறையில், வருவதால், வெளியிலிருந்து எட்டக்கூடிய, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) உள்ள முகவரி தேவை. ஆகவே கடைக் கணினியைவிட வாடகைக்கு எடுத்த வழங்கியே (சர்வர்) நல்லது. டெலிகிராம் மட்டும் போதுமென்றால், பாட்டே சென்று செய்திகளைக் கேட்டு வாங்கும் முறையில் வீட்டு இணைப்பிலும் ஓட்டலாம். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும், எடுக்கப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும்.

மறுமொழி: தக்கலை
வாட்ஸ்அப்பில்தான் சிக்கல் அதிகம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப் வெப் போல நடித்து இணையும் நிரல் நூலகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை விதிமீறல் என்பதால், கடையின் எண்ணே தடைபடக்கூடும். வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா, கடைகளின் மென்பொருள் இணைவதற்கென்றே தரும் அதிகாரபூர்வ வழியான கிளவுட் ஏபிஐயில் அந்த அச்சம் இல்லை. ஆயினும் வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய 24 மணி நேரத்துக்குள்தான் விருப்பம்போல் பதில் எழுதலாம். அதன் பின் முன்பே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தி மட்டுமே செல்லும். 2026 ஜனவரி 15 முதல் நடப்புக்கு வந்த வாட்ஸ்அப் விதி, எதையும் பேசும் பொது உதவியாளர்களைக் குறிவைத்தது. கடை தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல உதவியாளரை வைப்பதற்கு அது தடையல்ல.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஒரே ஆள் இரண்டிலும் எழுதினால் பழைய பேச்சு நினைவிருக்குமா?

மறுமொழி: நாகர்கோவில்
தானாக இருக்காது. வாட்ஸ்அப் பெரும்பாலும் தொலைபேசி எண்ணைத் தருகிறது. டெலிகிராம் பெயரையும் தன் பயனர் அடையாள எண்ணையும் தருகிறது, தொலைபேசி எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்தால்தான் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி இணைத்துவிடாதீர்கள். ஒருவருடைய முகவரி மற்றவருக்குப் போய்ச் சேரும். விலையையும் இருப்பையும் மாதிரியின் நினைவுக்கு விடாமல், உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்லுமாறு அமையுங்கள். சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விகள் எந்த மொழியில் வந்தாலும், பாட் பதில் சொல்லாமல் உங்களிடம் கைமாற்ற வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.