காட்டு ஒட்டகக் கூட்டம் ரெண்டே ரவுண்டில் காலி, எப்படிச் சரிசெய்வது?

மணல்மேடு:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம் (கதையை நடத்துபவர்), ஆட்டக்காரர்கள் நாலு பேர், எல்லாரும் நாலாவது லெவல். பாலைவனத்தைக் கடக்கும்போது எட்டு காட்டு ஒட்டகங்களை இறக்கினேன், புத்தகத்தில் இருக்கும் ஒட்டகத்தையே அப்படியே எடுத்து. ஏசி (தற்காப்பு எண்) 9, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 15, கடித்தால் சேதம் 1டி4 (ஒரு நாலுமுகப் பகடை). ரெண்டாவது ரவுண்டு முடியும்போது ஐந்து செத்துக் கிடக்கின்றன, ட்ரூயிட் (இயற்கை மந்திரம் தெரிந்த கதாபாத்திரம்) ஒரு ஒட்டகத்துக்கு அனிமல் ஃப்ரெண்ட்ஷிப் (விலங்கை நண்பனாக்கும் மந்திரம்) போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹெச்பியை 40 ஆக்கி கடியை 2டி6 ஆக்கினால் சரியாகுமா?

பழையடைஸ்:
ஆகாது. ரெண்டு ரவுண்டுக்குப் பதில் நாலு ரவுண்டு இழுக்கும், அவ்வளவுதான். அவை ஏன் ஓடாமல் நின்று சண்டை போட்டன, அதைச் சொல்லுங்கள் முதலில். கோபி பாலைவனத்தில் திரியும் நிஜக் காட்டு ஒட்டகம் (ரெட்டைத் திமில், வீட்டு ஒட்டகத்திலிருந்து தனி இனம், உலகத்திலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்காது) மனித வாடை பட்டாலே ஓட்டம் பிடிக்கும். வேகம் 50 அடி, உங்கள் ஆட்களுக்கு 30. மோப்பத்துக்கு அட்வான்டேஜ் (சாதக விதி) கொடுங்கள், பாசிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கவனிக்கும் திறன்) 9 என்பது 14 ஆகிவிடும். அனிமல் ஃப்ரெண்ட்ஷிப்புக்கு ரேஞ்ச் 30 அடிதான், ட்ரூயிட் அந்த 30 அடிக்குள் எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதே ஒரு தனிக் காட்சி.

மணல்மேடு:
சரி அண்ணே, ஆனால் ஓடிப்போய்விட்டால் அந்த ஒட்டகத்தால் ஆட்டத்துக்கு என்ன பிரயோஜனம்?

பழையடைஸ்:
தண்ணீர். வெயிலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கேலன் வேண்டும், பாதிதான் கிடைத்தது என்றால் டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 15 கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) சேவ், தோற்றால் எக்ஸாஷன் (களைப்பு). தோல்பையில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும்போது தூரத்தில் ஒட்டகத் தடம் தெரியட்டும். குளம்புத் தடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்கு அகலமான மெத்தைப் பாதம், முன்னால் ரெண்டு நகம். தடத்தைப் பிடித்துப் போனால் ஊற்று வரும், ஆனால் உப்பு ஊற்று. கோபி ஒட்டகம் அந்த மாதிரித் தண்ணீரைக் குடித்தே பிழைக்கிறது, உங்கள் ஆட்களால் முடியாது. கிளெரிக் (பூசாரிக் கதாபாத்திரம்) ப்யூரிஃபை ஃபுட் அண்ட் ட்ரிங்க் மந்திரம் போடுவார், அது விஷத்தையும் நோயையும்தான் எடுக்கும். உப்பு விஷமா இல்லையா என்ற வாதத்துக்கு முன்கூட்டியே ஒரு தீர்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கடாமுட்டி:
சண்டையும் வேண்டும் என்றால் எட்டு வேண்டாம், ஒரே ஒரு ஆண் போதும், இணை சேரும் பருவத்தில். வாயில் நுரை தள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், கிட்டே யாரையும் விடாது. ஆணுக்குக் கோரைப்பல் உண்டு, அதனால் கடியைப் பியர்சிங் (குத்தும் சேதம்) ஆக்குங்கள். போர்க்குதிரையின் மிதி விதியை எடுத்து ஒட்டகத்தின் பலத்துக்குக் கணக்குப் போட்டால் அடிப்படை 8 + தேர்ச்சி 2 + பலம் 3, டிசி 13. விழுந்தவர்மேல் நெஞ்சை வைத்து அமுக்கும், எழ முடியாது. இதற்கு மட்டும் ஹெச்பியை ஏற்றுங்கள், 30 வரை போகலாம்.

மணல்மேடு:
நேற்று ஆடிவிட்டோம் ப்ரோ. ரெண்டு யோசனையையும் சேர்த்து, ஊற்றுப் பக்கத்தில் அந்த ஆணை நிறுத்தினேன். நுரையை வர்ணித்ததுமே பார்பேரியன் (முரட்டுச் சண்டைக்காரர்) ரெண்டடி பின்னால் போனார், அவர் பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை. ட்ரூயிட் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு, சுற்றி வந்து, 35 அடி வரைக்கும் போய்விட்டார். அங்கே ஸ்டெல்த் (பதுங்கல்) பகடையில் 1 விழுந்தது.

உப்பு விஷமா என்று கிளெரிக் கேட்டார். முக்கால் மணி நேரம்.