‘ஜெனரல் அவரேஜ்’ கடிதம் உங்கள் கைக்கும் வந்ததுண்டா?

புறக்கோட்டை வியாபாரி:
கப்பலில் பிடித்த தீ அணைந்துவிட்டது, எங்கள் கொள்கலனுக்குச் சேதமில்லை என்று கப்பல் முகவர் அறிவித்த மறுவாரமே அக்கடிதம் வந்தது: கப்பலைக் காக்க ஏற்பட்ட இழப்பில் சரக்குடையோரும் பங்கு கட்ட வேண்டுமாம், அதன் பெயர் ‘ஜெனரல் அவரேஜ்’. அந்தப் பங்கைக் கட்டுவோம் என்ற பிணைப்பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும், காப்புறுதி இல்லாததால் வைப்புப் பணமும் கட்ட வேண்டும், அதுவரை சரக்கை விடுவிக்க முடியாது என்று அதில் இருந்தது. ‘அவரேஜ்’ என்பதைச் சராசரிக் கணக்கென்று எண்ணிய என் தகப்பனார், கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபின், “எங்கட மூட்டை ஒன்றுகூட நனையவில்லையே தம்பி, ஆருடைய நட்டத்தை நாங்கள் கட்டுகிறோம்?” என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

வெள்ளவத்தை வாசகர்:
சேதத்தைக் குறிக்கும் ‘அவார்’ என்ற அரபுச் சொல்லே இத்தாலிய ‘அவரியா’ வழியாக ‘அவரேஜ்’ என்ற வடிவம் பெற்றதென்பர். நட்டத்தைப் பலரும் பங்கிட்டதிலிருந்தே சராசரி என்ற பொருள் பின்னர் கிளைத்தது. ஆகவே ‘பொதுச் சராசரி’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘பொது இழப்புப் பங்கீடு’ என்பதே பொருந்தும். கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால் அனைவரும் ஈடுசெய்ய வேண்டும் என்ற ரோட்ஸ் தீவின் விதியை, 533ஆம் ஆண்டின் யுஸ்தினியன் சட்டத்தொகுப்பு பதிவுசெய்துள்ளது. நயினாதீவில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டின் முன் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது: யானை, குதிரை ஏற்றிய மரக்கலம் கெட்டால் காற்பங்கும், வாணிப மரக்கலம் கெட்டால் அரைப்பங்கும் அரச பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்கிறது அது. நம் மண்ணிலும் இப்பங்கீடு இருந்திருக்கிறது.

தேயிலை ஏற்றுமதியாளர்:
மேலே எழுதியவருடன் நான் உடன்படவில்லை. கல்வெட்டு சொல்வது உடைந்த கலத்தில் அரசன் கொள்ளும் பங்கை. ‘ஜெனரல் அவரேஜ்’ என்பதோ, பொது ஆபத்திலிருந்து தப்புவதற்காக வேண்டுமென்றே செய்த இழப்பைச் சரக்குடையோரும் கப்பலுடையோரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர்வது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரில் எங்கள் தேயிலைப் பெட்டிகள் ஊறிப்போயின; அவை இப்பங்கீட்டுக்கான சர்வதேச விதிகளான யார்க்–அன்ட்வேர்ப் விதிகளின்படி பங்கீட்டில் சேர்ந்தன, பக்கத்தில் எரிந்து கரியானவை, வேண்டுமென்றே செய்த இழப்பல்ல என்பதால், சேரவில்லை. எரிந்தவற்றின் சொந்தக்காரர் அந்த வேறுபாட்டைக் கேட்டு வாயடைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புறக்கோட்டை நண்பருக்கு ஒன்று சொல்வேன். சரக்குக் காப்புறுதியில் மிகக் குறைந்த பாதுகாப்புத் தரும் ‘சி’ பிரிவு கூட இப்பங்களிப்பை ஏற்கும். அது இருந்தால் காப்புறுதியாளரின் உத்தரவாதக் கடிதமே போதும், பணம் கட்ட வேண்டியதில்லை. 2021இல் சுயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டியபோதும், சேதமே இல்லாத சரக்குடையோரிடம் இப்படித்தான் பிணை கேட்கப்பட்டது. வைப்புப் பணத்தின் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். ஒவ்வொருவர் பங்கையும் கணித்துக் கணக்குத் தீர்ப்பவரின் இறுதி அறிக்கை வர ஆண்டுகள் ஆகலாம், மீதியிருந்தால் அந்தச் சீட்டைக் காட்டியே திரும்பப் பெற வேண்டும்.