நியர் மிஸ்: ‘மயிரிழைத் தப்பல்’ சரிவருமா?

> ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் ‘நியர் மிஸ்’ (நோயாளியை அடையும் முன்பே தெரியவந்த பிழை) என்பதற்கு ‘மயிரிழைத் தப்பல்’ என்று போடலாமா?

வேண்டாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற நிம்மதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நிம்மதி வந்துவிட்டால் யார் எழுதுவார்கள்? தப்பியது குழந்தையா செவிலியரா என்பதும் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் நிகழ்வுகள் மூன்று: நோயாளியை வந்து சேராதது, சேர்ந்தும் தீங்கு செய்யாதது, தீங்கு செய்தது. நியர் மிஸ் முதல் வகை மட்டுமே.

புதன்கிழமைத் தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். தட்டம்மை-ரூபெல்லாத் தூளுக்கு ஒரு கரைப்பான், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜிக்கு வேறு. மாற்றி எடுத்த குப்பியை, உறிஞ்சும் முன் லேபிளைப் படித்துத் திரும்ப வைத்தால் முதல் வகை. கரைத்தபின் வைத்திருக்கக்கூடிய 4 மணி நேரம் கடந்த குப்பியிலிருந்து 0.5 மி.லி. போட்டாயிற்று, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இரண்டாவது. சிரியாவின் இட்லிப் பகுதியில் 2014இல் கரைப்பானுக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் அட்ரகூரியத்தைக் கலந்து 15 குழந்தைகள் இறந்தது மூன்றாவது. தடுப்பூசிப் பெட்டியில் வேறு மருந்து கிடப்பதைக் கண்டு அப்புறப்படுத்துவதும் முதல் வகைதான்.

என் பரிந்துரை: எட்டாப்பிழை, அதாவது நோயாளியை எட்டாத பிழை.

*

மறு:

கடைசி எடுத்துக்காட்டு மட்டும் இடிக்கிறது. மருந்து சும்மா கிடப்பது இன்னும் நிகழ்வே ஆகவில்லை. அதே வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. ‘இடர்நிலை’ என்று பிரித்துவிடலாம். பதிவேட்டில் அதுவும் வர வேண்டும், வேறு கட்டத்தில்.

எட்டாப்பிழையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘எட்டாம் பிழை’ என்று காதில் விழும், மற்ற ஏழு எங்கே என்பார்கள். தொடாப்பிழை என்றால்? இரண்டாவது தொட்டபிழை. மூன்றாவதைச் சுட்டபிழை எனலாம். ஆனால் ‘சுட்ட’ என்றாலே திருட்டு நினைவுக்கு வரும். தீங்குப்பிழை போதும்.

*

> ‘பிழை’ என்றாலே மெமோ வரும் என்று பயப்படுவார்கள். ‘நிகழ்வு’ போதாதா?

தொடாநிகழ்வு என்றால் ஒன்றும் விளங்காது. பயமுறுத்துவது ‘தவறு’தான்; ‘தவறு செய்தாய்’ என்று ஆளைச் சுட்டியே அது வரும். அச்சுப்பிழை, எழுத்துப்பிழை என்னும்போது யாரும் ஆளைத் தேடுவதில்லை. ‘பிழை செய்தவர்’ என்ற கட்டத்தை அச்சடித்தால்தான் மெமோ பயம் வரும். சொல்லை மாற்றி அந்தக் கட்டத்தை விட்டுவைத்தால் பயன் இல்லை.

எனவே வரைவு இப்படி: தலைப்பு ‘தொடாப்பிழை’. கீழே சிறிய எழுத்தில் ‘ஊசியோ மருந்தோ நோயாளிக்குப் போகும் முன் தெரியவந்தது’. அடுத்த கட்டங்கள்: எந்த மருந்து, எந்தப் படியில் (எடுக்கையில், கரைக்கையில், உறிஞ்சுகையில்), எப்படித் தெரிந்தது. லேபிள் படித்ததாலா, பக்கத்தில் இருந்தவர் சொன்னதாலா, தற்செயலாகவா என்பதை அங்கே எழுத வேண்டும். தற்செயல் என்பதையும் எழுதட்டும். அங்கே தடுப்பு ஏதும் இல்லை என்று பொருள். பெயருக்குக் கட்டம் இல்லை.