என் நிரலை டெபியன் பொதியாளர் மாற்றி வெளியிடுகிறார்: இருவரும் எப்படி ஒத்துழைப்பது?

கேள்வி

வணக்கம். படக்கோப்புகளைச் சுருக்கும் சிறிய கட்டளைவரிக் கருவி ஒன்றை சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். அண்மையில் அது டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான்; ஆனால் கருவிக்குள்ளேயே நான் வைத்திருந்த இசட்லிப் (தரவைச் சுருக்க மற்ற நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரி) பிரதியை, டெபியனுக்காக அதைத் தொகுத்து வெளியிடும் பொதியாளர் நீக்கி, டெபியனில் உள்ள பொதுப் பிரதியோடு இணைத்துவிட்டார். பில்ட் கோப்பிலும் (மூலநிரலை இயங்குநிரலாக்கும் கட்டளைகள் உள்ள கோப்பு) சில வரிகளை மாற்றியிருக்கிறார். அதனால் எழும் வழுக்கள் என்னிடமே வருகின்றன. உரிமம் இதற்கு இடம் தருகிறது என்பதை அறிவேன். நடைமுறையில் இரு தரப்பும் எவ்வாறு இணங்கிப் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

மறுமொழி 1

சில பொதிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இசட்லிப்பை நீக்கியது தங்கள் மீதுள்ள ஐயத்தால் அன்று. 2022 மார்ச்சில் இசட்லிப்பில் நினைவகத்தைச் சிதைக்கும் வழு ஒன்று வெளிப்பட்டு, 1.2.12 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. பொதுப் பிரதியைப் பயன்படுத்திய பொதிகளுக்கெல்லாம் ஒரே புதுப்பிப்பு போதுமானதாக இருந்தது. உள்ளே தனிப் பிரதி வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. எனவே, கணினியில் உள்ள இசட்லிப்பைப் பயன்படுத்தும் தெரிவு ஒன்றைத் தங்கள் பில்ட் கோப்பிலேயே வைத்துவிட்டால் பொதியாளரின் பேட்சுக்கே (மூலநிரலில் அவர் செய்யும் மாற்றத்தின் கோப்பு) வேலை இராது.

டெபியன் பேட்சுகளின் தலைப்பில், பேட்ச் மூல நிரலாளருக்கு அனுப்பப்பட்டதா என்பதைக் குறிக்க 'ஃபார்வர்டட்' என்ற புலம் உண்டு. தங்கள் பொதியில் அதைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் பொதியாளரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

மறுமொழி 2

அனுப்புவது மட்டும் போதாது, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். 2006 மே மாதத்தில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரல் தொடக்கமதிப்பு இடாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்ற வழுத்தேடும் கருவி எச்சரித்ததால், தொடர்புடைய இரண்டு வரிகளை நீக்கலாமா என்று டெபியன் பொதியாளர் ஓபன்எஸ்எஸ்எல் மடலாடற்குழுவில் கேட்டார். வழுத்தேடலுக்கு உதவுமானால் நீக்கலாம் என்ற பொருளில் அங்கே பதிலும் வந்தது. ஆனால் அவற்றுள் ஒரு வரிதான் சாவிகளை உருவாக்கும் சமவாய்ப்பு எண்களுக்கான விதையை (தொடக்க மதிப்பை) கலந்துகொண்டிருந்தது. அது போனபின், விதையாக எஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி இடும் செயலாக்க எண் மட்டுமே. அதற்கோ 32,768 மதிப்புகளுக்கு மேல் இல்லை. 2006 செப்டம்பரில் இந்த மாற்றம் டெபியனில் சேர்ந்ததிலிருந்து 2008 மே 13 அன்று இது அறிவிக்கப்படும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் (தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவுபவை) ஊகித்துவிடக்கூடியவையாகவே இருந்தன.

முதன்மை நிரலாளர்கள் கவனிக்கும் இடம் அந்த மடலாடற்குழு அன்று என்று ஓபன்எஸ்எஸ்எல் தரப்பு பின்னர் வாதிட்டது. அப்படியானால் எங்கே கேட்க வேண்டும் என்பதை வெளியாள் எப்படி அறிவார்? அதேவேளை, இறுதி பேட்ச் முறைப்படி ஆய்வுக்கு அனுப்பப்படவில்லை என்பதும் உண்மை. என் கருத்தில், தொடர்பு முகவரியைத் தெளிவாக எழுதிவைக்காத திட்டத்துக்குப் பொதியாளரைக் குறைகூறும் தகுதி பாதிதான்.

மறுமொழி 3

தங்கள் டார்பாலைப் (மூலநிரலை ஒரே கோப்பாகக் கட்டி வெளியிடும் தொகுப்பு) பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் வெளிப்படுத்திய பின்கதவு (மறைவாக உள்நுழையும் வழி), எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் இருந்தது. அதை பில்டின்போது தூண்டிவிட்ட எம்4 கோப்பு (பில்ட் கட்டளைகளை உருவாக்க உதவுவது), வெளியீட்டு டார்பாலில் மட்டுமே இருந்தது. மாற்றங்களின் வரலாற்றோடு மூலநிரல் வைக்கப்படும் கிட் களஞ்சியத்தில் இல்லை. கிட்டில் உள்ளதிலிருந்து யார் வேண்டுமானாலும் அதே டார்பாலை உருவாக்கிச் சரிபார்க்க முடிந்தால், பொதியாளர் தங்களை நம்பியே ஆக வேண்டிய கட்டாயம் இராது.

அதே நிகழ்வு பொதியாளர்களுக்கும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. பின்கதவின் இலக்கு, எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் நிரல். ஆனால் அது தானாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியை அழைப்பதில்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தொடக்க அறிவிப்பு அனுப்புவதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை சேர்த்த பேட்ச்தான் அதை மறைமுகமாக உள்ளே இழுத்தது. பின்கதவு வெளிப்பட்ட பிறகு, 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில், அந்த அறிவிப்பை வெளி லைப்ரரி எதுவுமின்றி அனுப்பும் வசதியை ஓபன்எஸ்எஸ்எச் தானே சேர்த்துக்கொண்டது. அதைச் சில ஆண்டுகள் முன்பே செய்திருக்க முடியும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. என் பொதியின் இரண்டு பேட்சுகளில் ஒன்றில் அந்தப் புலம் 'இல்லை' என்கிறது, பொதியாளருக்கு எழுதிவிட்டேன். இசட்லிப் தெரிவு அடுத்த பதிப்பில் வரும். இன்னொரு ஐயம்: டெபியனின் நிலைப் பதிப்பில் (நெடுநாள் மாறாமல் வைக்கப்படும் வெளியீடு) உள்ள என் பழைய பதிப்பைப் பற்றி வரும் வழுக்களை என்ன செய்வது?

மறுமொழி 1

புதிய பதிப்பிலும் அது நிகழ்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நிகழவில்லையெனில் டெபியனின் வழுத்தடத்தில் (வழுக்களைப் பதிந்து பின்தொடரும் தளம்) பதியச் சொல்லுங்கள். எந்த கமிட்டில் (கிட்டில் பதிந்த மாற்றத்தில்) சரிசெய்தீர்கள் என்பதையும் அங்கே குறித்துவிட்டால், அதை நிலைப் பதிப்புக்குக் கொண்டுசெல்வது பொதியாளரின் பொறுப்பு.