புதுப்பிப்பு: பழைய சான் ஸ்டார்ம், பிரேக் முதலில் செய்ததில் பலன் கிடைத்தது

என்னுடைய பழைய சான் ஸ்டார்மை (இரண்டு பேர் உட்காரும் திறந்த மேல்கூரை கார்) சரிசெய்யும்போது எஞ்சின், பிரேக், உள்பக்கம் மூன்றில் எதை முதலில் தொடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. "வண்டி முதலில் ஒழுங்காக நிற்கட்டும், அப்புறம் பவர்" என்ற யோசனைதான் சரியாக வந்தது.

பெரிய டிஸ்க் தேவைப்படவில்லை. முன்பக்க பிரேக்கின் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேலெல்லாம் வெடிப்பு. பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்ததும் டிகாஷன் நிறத்தில் ஆயில் வந்தது. ஹோஸ்களை மாற்றி, புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியே எடுத்ததும் ஆழமாக அமுங்கிய பெடல் கெட்டியாகிவிட்டது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிதில் 230 டிகிரி வரை தாங்குவது, ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும்.

எஞ்சினில் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) எல்லா சிலிண்டரிலும் சீராக இருந்தது. டைமிங் பெல்ட்டை மட்டும் புதுசாக மாற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று: சீட்டைக் கழற்றியபோதுதான் டாஷ்போர்டு விளக்கு மங்கியதற்குக் காரணம் தெரிந்தது. பாடி மின்சாரம் கடத்தாத ஃபைபர் என்பதால் எர்த்துக்குத் தனி ஒயர் போகிறது. அதன் முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். ஈசிஆரில் இரவிலும் மீட்டர் இப்போது பளிச்சென்று தெரிகிறது. சீட் தையல் முதலியார்பேட்டையில் நடக்கிறது.