ஓடையையும் பாயாவையும் மீட்க எந்த அலுவலகத்தில் தொடங்குவது? (பகாவ் வட்டாரம்)

கேள்வி: செம்பனைநிழல்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் நகருக்கு அருகே, ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் வீடுகள் இருந்த இடத்திற்குப் பின்னால் ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தில் ஓர் ஓடை ஓடி, மூன்று ஏக்கர் அளவுள்ள பாயாவில், அதாவது சதுப்பு நிலத்தில், பரவி, பின்பு ரயில் தண்டவாளத்தின் அடியில் உள்ள குழாய்ப் பாலம் வழியாக வெளியேறுகிறது. தோட்டக் காலத்தில் பாயாவின் நடுவே நீளமாக வெட்டப்பட்ட ஒரு வாய்க்காலால் அது ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கிறது. ஓடையிலோ சேறும் ஆகாயத்தாமரையும்தான்.

பதிவு பெற்ற எங்கள் குடியிருப்பாளர் சங்கம், சேற்றை அகற்றி, கரையைச் சரிவாக்கி மரம் நட்டு, அந்த வாய்க்காலை அடைத்துப் பாயாவுக்கு மீண்டும் நீர் கொடுக்க விரும்புகிறது. சென்ற ஆண்டு நலம்விரும்பி ஒருவர் மண்வாரி இயந்திரம் அனுப்பினார். அரை நாள் வேலை நடந்ததும் ஓர் அதிகாரி வந்து நிறுத்திவிட்டார். அனுமதி இல்லை என்றாரே தவிர, எந்த அனுமதி என்று சொல்லவில்லை. அதன்பின் மூன்று அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினோம். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வரை போக வேண்டியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய அளவுகோல்

நான் வடிகால் நீர்ப்பாசனத் துறையில், நாம் ஜே.பி.எஸ். என்று சொல்லும் அலுவலகத்தில், தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களை மூன்று இடத்திற்கு அலைக்கழித்ததற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. "மீட்பு" என்ற பெயரில் எந்த விண்ணப்பப் பாரமும் இல்லை. மண்ணை வெட்டுதல், மண்ணை வெளியே கொண்டுபோதல், நீரை மறித்தல், அரசு நிலத்தில் நுழைதல் ஆகியவற்றைத்தான் சட்டம் அறியும். நீங்கள் நல்லது செய்ய வெட்டினாலும், வீடு கட்ட வெட்டினாலும், அது வெட்டுதல்தான். ஆகவே உங்கள் திட்டத்தை இந்த வினைகளாகப் பிரித்து எழுதிக்கொண்டால், எந்த வினைக்கு எந்த அலுவலகம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், நிலம் யாருடையது என்று பாருங்கள். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து பட்டா விவரத்தையும், அளவைத் துறையிடமிருந்து சான்றளிக்கப்பட்ட வரைபடத்தையும் வாங்குங்கள். ஓடையின் படுகையைப் பொறுத்தவரை, நெகிரி செம்பிலானுக்கும் பொருந்தும் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, ஆறுகளின் உடைமையும் கட்டுப்பாடும் மாநில ஆட்சியாளரைச் சேர்ந்தவை. இருபுறமும் தோட்ட நிலமாக இருந்தாலும் ஓடை தோட்டத்துடையது என்று எண்ணிவிட வேண்டாம். ஆற்றை மறிக்கவும் அதன் நீரைத் திருப்பவும் அதே சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. உங்கள் வாய்க்கால் அடைப்பு அந்தக் கேள்வியை எழுப்பும் என்பதால், அதை வரைபடத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

கரைக்கு ஜே.பி.எஸ். வழிகாட்டி ஆற்றொதுக்கு, அதாவது கரையோரமாக ஆற்றுக்கென விட வேண்டிய நிலம், எவ்வளவு அகலம் என்று சொல்கிறது: 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் வரை 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20 மீட்டர், 20 முதல் 40 வரை 40 மீட்டர், அதற்கு மேல் 50 மீட்டர். உங்கள் ஓடை நான்கு மீட்டர் என்கிறீர்கள். சேறு நிரம்பிய இன்றைய அகலமா, பழைய அகலமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் வேறுபாட்டில் ஒதுக்கு இரட்டிப்பாகிவிடும்.

பலரும் தவறுவது சேற்று விஷயத்தில்தான். தேசிய நிலச் சட்டத்தில் "பாறைப் பொருள்" என்ற சொல்லுக்குள் மணல், மண், களிமண் மட்டுமன்றி சேறும் அடங்கும். அதை எடுத்து நிலத்தின் எல்லைக்கு வெளியே லாரியில் ஏற்றினால் நாலு சி (4C) எனப்படும் பாரத்தில் அனுமதி வேண்டும். உங்கள் இயந்திரத்தை நிறுத்தியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். எடுக்கும் சேற்றை அங்கேயே கரைச் சரிவுக்குப் பயன்படுத்துவதாகத் திட்டம் அமைத்தால் ஒரு பெரிய விண்ணப்பம் குறையும். எனினும் மண்வேலைக்கு உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலும், மண்ணரிப்பு வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டமும் கேட்கப்படலாம். அந்தத் திட்டத்தை மஸ்மா எனப்படும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி தயாரிக்க வேண்டும்.

தாக்க மதிப்பீட்டைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 1987ஆம் ஆண்டு ஆணைக்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டு ஆணையில், மதிப்பீடு தேவைப்படும் வேலைகளைப் பட்டியலிடும் இரண்டு அட்டவணைகள் உள்ளன. சதுப்பு நிலம் தொடர்பாக அங்கே குறிப்பிடப்படுவது, பெரும் பரப்பில் நீரை வடிப்பதாகும். நீங்கள் செய்வதோ நேர் எதிரானது. அதிலும் மூன்றே ஏக்கர். ஆனாலும் நீங்களே முடிவு செய்யாமல், சுற்றுச்சூழல் துறைக்கு எழுதி, இந்த வேலை அட்டவணையில் வராது என்ற பதிலைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யார் புகார் செய்தாலும் அந்தக் கடிதம் பேசும்.

பதில் 2: பத்தாம் எண் ஃபீல்டு

தோட்டத்துப் பக்கத்திலிருந்து சில சொற்கள். நான் இருபது ஆண்டுகள் உதவி நிர்வாகியாக இருந்தேன். பாயா தோட்டத்தின் பட்டாவுக்குள் இருந்தால், நிர்வாகத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எந்த அலுவலகமும் கோப்பைத் திறக்காது. சம்மதம் கேட்கும்போது கருணையை நாடிப் போகாதீர்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது, ஆற்றோரத்தில் உரமும் களைக்கொல்லியும் போடாத பசுமை வளையத்தைத் தணிக்கையாளர் நேரில் வந்து பார்க்கிறார். உங்கள் சங்கம் அந்த வளையத்தில் மரம் நட்டுப் பராமரிக்க முன்வருகிறது என்றால், நிர்வாகிக்கு அது சுமை குறைந்த கதை. நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அன்றே கையெழுத்திட்டிருப்பேன்.

தண்டவாளத்தை மட்டும் எளிதாக எண்ண வேண்டாம். வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால், கனமழையில் ரயில் மேட்டின் அடியில் நீர் தேங்குமோ என்று கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். ரயில் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அடைப்பின் உயரத்தைக் குழாயின் மேல்விளிம்புக்கு நன்றாகக் கீழே வைத்து, மிகை நீர் வழிந்தோட ஒரு தாழ்ந்த வாயும் காட்டினால் பேச்சு சுருங்கும்.

இன்னொன்று: உங்கள் ஓடை ஜெம்போல் ஆற்றில் சேர்கிறதா, செர்த்திங் ஆற்றில் சேர்கிறதா? பழங்காலத்தில் ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் படகைத் தரைவழியே இழுத்துக் கடந்த பெனாரிக்கான் பாதை இங்கேதான் இருந்தது. அவ்வளவு அருகருகே இரண்டு நீர்ப்பிரிவுகள். முதலாவது மூவார் ஆற்றின் வழியே மலாக்கா நீரிணைக்குப் போகும். இரண்டாவது பகாங் ஆற்றில் கலக்கும், அதாவது வேறொரு மாநிலத்திற்குள் நுழையும். விண்ணப்பத்தில் கீழ்நிலைப் பாதிப்பு என்ற இடத்தில் தவறான ஆற்றை எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

பதில் 3: கரையோர ஆசிரியை

நாங்கள் பேராக்கில் இதைவிடச் சிறிய ஓர் ஓடையில் ஈடுபட்டுச் சூடுபட்டவர்கள். அரசு நிலத்தில் நுழைய டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுத்தோம். விண்ணப்பித்தது மார்ச்சில், கைக்கு வந்தது செப்டம்பரில். எந்த மாதம் கிடைத்தாலும் அந்த உரிமம் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அக்டோபர், நவம்பர் மழையில் கரையைத் தொட முடியவில்லை. ஜனவரியில் மீண்டும் வரிசையில் நின்றோம். ஆகவே, செம்பனைநிழல் அவர்களே, உரிமம் ஆண்டின் தொடக்கத்திலேயே கிடைக்குமாறு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்குங்கள்.

இரண்டாம் முறை நாங்கள் வேறு வழியில் போனோம். மாவட்ட ஜே.பி.எஸ். பொறியாளரைச் சந்தித்து, ஆற்றுப் படுகையில் செய்ய வேண்டிய வேலையை அந்தத் துறையே தன் பராமரிப்புப் பணியாக எடுத்துக்கொள்ளவும், நடுதல், களை நீக்கம், நீர்ச் சோதனை ஆகியவற்றை மட்டும் நாங்கள் செய்யவும் ஒப்புக்கொண்டோம். இயந்திரம் அவர்களுடையது என்பதால் எங்கள் பெயரில் தேவைப்பட்ட அனுமதிகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் எந்த நாளில் இயந்திரம் வரும் என்பது அவர்கள் விருப்பம். நட்ட கன்றின் மேல் ஏறியதும் உண்டு.

மீன் விடும் எண்ணம் இருந்தால் மீன்வளத் துறையைக் கேட்காமல் விடாதீர்கள். வேண்டுதலுக்காகக் கோயில் குழுவினர் சந்தையில் வாங்கிய அயலினமான ஆப்பிரிக்கக் கெளிற்று மீனை எங்கள் ஓடையில் கொட்டிவிட்டார்கள்.

செம்பனைநிழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஓடையைத் தொடர்ந்து நடந்து பார்த்தோம். செர்த்திங் பக்கம்தான் போகிறது. நான்கு மீட்டர் என்று நான் எழுதியது சேற்றின் அகலம். பழைய கரைக்குக் கரை அளந்தால் ஆறரை மீட்டர் வருகிறது. பழைய அளவுகோல் ஐயா, அப்படியானால் ஒதுக்கு 10 மீட்டராகுமா? அந்தப் பத்து மீட்டருக்குள் மூன்று வீட்டாரின் வாழைத் தோட்டம் இருக்கிறது.

பழைய அளவுகோல்

ஆகும். ஆனால் வழிகாட்டியில் உள்ள அகலம் வேறு, அரசிதழில் ஒதுக்காக அறிவிக்கப்பட்ட நிலம் வேறு. அறிவிப்பு உண்டா என்பதை நில அலுவலகத் தேடலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த மூன்று வீட்டாரிடம் விண்ணப்பம் போடுவதற்கு முன் பேசுங்கள். அதிகாரி நிலத்தைப் பார்வையிட வரும் நாளில் முதன்முதலாக அவர்கள் இதைக் கேள்விப்படக் கூடாது.