இன்சுலின் அளவு தானாகக் குறைகிறதா? கிட்னியைப் பாருங்கள்: செட்டிநாட்டு வார்டு அனுபவங்கள்

நர்சிங் ஆசிரியர், காரைக்குடி

இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நீரிழிவால் வரும் சிறுநீரக பாதிப்பை நடத்தும்போது நான் உடம்பின் செல்லில் இருந்துதான் ஆரம்பிப்பேன். "ஊசி போடத் தெரிந்தால் போதாதா, செல்லுக்குள்ளே நடப்பதெல்லாம் நர்ஸுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

வயது எழுபதுக்கு மேல். இருபது வருஷத்துக்கும் கூடுதலாகச் சர்க்கரை. கால் வீங்கியிருக்கிறது என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். கூட வந்த மகளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நல்ல சந்தோஷம். "முன்னாடியெல்லாம் காலையில 24 யூனிட் போடுவோம் சிஸ்டர். இப்ப 10 போட்டாலே லோ ஆயிருது. கவுனி அரிசிக் கஞ்சி குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து சர்க்கரை நல்லா இறங்கிருச்சு" என்றார். ஆச்சியும் "எனக்குச் சீக்கு விட்டுப்போச்சு தாயி" என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னார்.

கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த இன்டர்ன் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வராந்தாவுக்கு வந்ததும், "மேடம், கஞ்சி மாறினதுக்கே டோஸ் பாதிக்கும் கீழே போகுமா? கால் வேற வீங்கியிருக்கு. கிட்னி இன்சுலினை உடைக்கிறது குறைஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள். ரத்தப் பரிசோதனை வந்தபோது, கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது; கிட்னி நன்றாகவே கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவள் கேட்டதன் பின்னால் இருப்பது இதுதான். இன்சுலின் சின்ன புரதம். கிட்னியின் வடிகட்டியான குளோமெருலஸ் வழியாக வடிந்து இறங்கும்போது, அடுத்துள்ள நுண்குழாயின் செல்கள் அதை உள்ளே இழுத்து உடைத்துவிடும். உடம்பிலேயே சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். ஊசியில் போடுவது அப்படி முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. அதனால் அதை அப்புறப்படுத்துவதில் கிட்னியின் பங்கு அதிகம். அந்தச் செல்கள் அழிய அழிய, போட்ட இன்சுலின் ரத்தத்திலேயே தங்கி, நேரம் கடந்தும் வேலை செய்கிறது. போதாததற்கு, வயிறு காலியாக இருக்கும்போது கிட்னியும் கொஞ்சம் குளுக்கோஸ் தயாரித்துக் கொடுக்கும். அதுவும் குறைந்துபோகும். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி எழுப்பும் 'லோ சுகர்' இப்படியும் வரும். கிளிபென்கிளமைட் மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கிட்னி வழியாக வெளியேற வேண்டிய அதன் மிச்சம் உடம்பிலேயே நின்றுவிடும்.

அன்றைக்கு டியூட்டி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான், ராத்திரி சுகர் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதிக்கொண்டதும் அவள்தான். அந்த நுண்குழாய்ச் செல்லைப் படித்திருந்ததால்தான் மகள் சொன்ன நல்ல சேதி அவளுக்குக் கெட்ட சேதியாகக் கேட்டது. உங்கள் பயிற்சிக் காலத்தில் இப்படிப் பார்த்தவற்றை எழுதுங்கள்.

பயிற்சி செவிலியர், தேவகோட்டை

எனக்குக் கிராமத்துப் போஸ்டிங்கில் நடந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்ததிலிருந்து வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தக் குழுவோடு எங்களையும் அனுப்பினார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுகர் 160 சொச்சம், பரவாயில்லை. பிபி 150/90. கிளம்பும்போதுதான், "யூரின் போனா நுரை நுரையா நிக்கிதும்மா. தண்ணி ஊத்தினாலும் லேசுல போக மாட்டேங்கிது" என்றார். கேட்டால்தான் சொல்கிறார்கள், அதுவும் வாசல் வரை வந்த பிறகு.

சுகாதார நிலையத்துக்கு வரச்சொன்னோம். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப் இருந்தும், கூட வந்த மேடம் எங்களைப் பழைய முறையிலும் செய்து பார்க்கச் சொன்னார். சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர். மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கொதி வந்ததும் மேலே மட்டும் பால் கலந்த மாதிரி வெளுத்தது, கீழே தெளிவாகவே இருந்தது. அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டோம். பாஸ்பேட்டாக இருந்தால் அந்தக் கலங்கல் மறைந்துவிடும். மறையவில்லை. அல்புமின் என்ற புரதம்தான். ஸ்டிரிப்பும் இரண்டு பிளஸ் காட்டியது.

போடோசைட் பற்றிப் படித்தது அந்தக் குழாயைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. குளோமெருலஸின் ரத்தக்குழாய்களை வெளியே இருந்து தழுவி நிற்கும் செல்கள் அவை. ஒன்றின் கால்கள் மற்றொன்றின் கால்களோடு, இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடித்த மாதிரி பின்னியிருக்கும். நடுவிலுள்ள நுண்ணிய இடுக்கில் நெஃப்ரின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய திரை. அதிகச் சர்க்கரையும் உள்ளே ஏறும் அழுத்தமும் வருஷக்கணக்கில் தாக்கும்போது அந்தக் கால்கள் தட்டையாகிப் பிடி விடுகின்றன. கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லே உரிந்து சிறுநீரோடு போய்விடும். போடோசைட் பெரும்பாலும் பெருகாது, போனது போனதுதான். மிச்சமிருப்பவை நீண்டு இடத்தை மூடப் பார்க்கும், முடியாத இடத்தில் தழும்பு விழும்.

ஒரு சந்தேகம் மேடம். ஆரம்பத்தில் கிட்னியின் வடிகட்டும் அளவு குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. கெட்டுப்போகிற உறுப்பு எப்படி அதிகமாக வேலை செய்யும்?

நர்சிங் ஆசிரியர், காரைக்குடி

நல்ல கேள்வி. வடிந்து இறங்கிய குளுக்கோஸில் 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கு இழுப்பது எஸ்.ஜி.எல்.டி.2 என்ற கடத்தி. குளுக்கோஸோடு சோடியத்தையும் சேர்த்தே இழுக்கும். சர்க்கரை கூடினால் இழுப்பும் கூடும், குழாயின் அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரும் உப்பு குறையும். அங்கே காவலுக்கு இருக்கும் மாக்குலா டென்சா செல்கள், "உப்பு வரவில்லை, வடிகட்டல் போதவில்லை" என்று எடுத்துக்கொண்டு, குளோமெருலஸுக்குள் வரும் ரத்தக்குழாயை விரிக்கச் செய்யும். வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கிப் பிடித்திருக்கும். வரத்து அதிகம், போக்கு குறைவு. அழுத்தம் முழுக்கப் போடோசைட்டின் மேல்தான் விழும். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் அழகாக இருக்கும் காலமே சேதம் நடக்கும் காலம்.

டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் அந்தக் கடத்தியைத் தடுக்கின்றன. 2020-இல் வந்த டாபா-சி.கே.டி. ஆய்வில், நீரிழிவு இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாகக் கூடலாம். அழுத்தம் இறங்குவதால் வருவது அது. பயந்துபோய் நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. வாந்தி, பேதி வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த அண்ணனுக்கு ஸ்டிரிப் பிளஸ் காட்டியது. ஆரம்பக் கசிவை ஸ்டிரிப் பிடிக்காது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமின் என்ற அளவில் தொடங்கும் கசிவைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம்தான் பார்க்க வேண்டும். டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒரு தடவை.

டயாலிசிஸ் செவிலியர், சிவகங்கை

என் பங்குக்கு ஒன்றே ஒன்று. கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, அதிகம் புழங்காத கையில், பெரும்பாலும் இடது கை, முழங்கை மடிப்பில் ஊசி குத்தாதீர்கள். ரத்தம் எடுக்கப் புறங்கை போதும். பின்னால் டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா வைக்க அந்த நரம்புதான் (சிரைதான்) வேண்டும், வைத்த பிறகும் அது தேற வாரக்கணக்கில் ஆகும். குத்திக் குத்தி நரம்பெல்லாம் கயிறாக இறுகிப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸுக்கு வழி இருக்கிறது. போன நரம்பை எந்தக் காப்பீடும் கொண்டுவராது.

நோயாளியின் மகன், பள்ளத்தூர்

நான் நர்ஸ் இல்லை, எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போட்டு வந்தார். பையில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது ஒரு பயிற்சி சிஸ்டர்தான். டைக்ளோஃபெனாக் அட்டையைத் தனியே வைத்துவிட்டு, "ஐயா, உள்ளே போற ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சத்தையே இது தடுக்கும். உங்களுக்கு பிபி மாத்திரை, நீர் மாத்திரை ரெண்டும் ஓடுது. மூணும் சேர்ந்தா கிட்னிக்கு ரத்தமே பத்தாது" என்று பொறுமையாகச் சொன்னார். டாக்டரும் அதை நிறுத்திவிட்டுப் பாராசிட்டமால் எழுதினார். கிரியேட்டினின் 2.6-இல் இருந்து 1.9-க்கு வந்து நிற்கிறது. அந்தச் சிஸ்டர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாவத்தலும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது. அப்பாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நர்சிங் ஆசிரியர், காரைக்குடி

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. குழம்பு, அப்பளம், வத்தல், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். உப்பு கூடினால் பிபி மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. வத்தல் வேண்டும் என்றால் வீட்டிலேயே உப்புக் குறைத்துப் போட்டுக் காயவையுங்கள், ஊறுகாயை விட்டுவிடுவதே நல்லது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், அப்பாவின் கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாமல் போகலாம்.